பொற்கொல்லன் சொல்லும் சயாம் ரயிலும்

சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்றது வாளா, வாய்ச்சொல்லா? பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். கோவலன் விற்க வந்த சிலம்பைக் கண்டதும் அப்பழியை அவன்மேல் சுமத்தினான். கோவலனைக் கள்வன் என நம்பாமல் காவலர் தயங்கியபோது, கள்வர்களின் தந்திரங்களை விரித்துரைத்து அவர்கள் வாயை அடைத்தான். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல். தேவியின் சிலம்பில் முத்து. முன்பே உடைத்துப் பார்த்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும்.

இத்தகைய வஞ்சகத்தை நம் தோட்டங்களும் கண்டன. ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றது, அரிசிக்கும் பஞ்சம். அந்த நேரம் பார்த்து, சயாமில் மூன்றே மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். நெகிரி செம்பிலான் லயங்களிலிருந்தும் மக்கள் ரயிலேறினர். வர மறுத்தவர்கள் பலர் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் தமிழர் மடிந்தனர்.

வஞ்சகன் முழுப் பொய் சொல்வதில்லை. நம் பசியைப் பார்த்துப் பேசுகிறான். ஆகவே, கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும் நாம் படித்துப் பார்ப்போம், நாலு பேரைக் கேட்போம். சிலம்பை முதலிலேயே உடைத்துப் பார்ப்போம்.