அஞ்சல் சர்வரில் சோதனைப் பதிப்பு - ஒரு சின்ன வரலாறு

1988 நவம்பர் 2. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்த வேக்ஸ், சன் கணினிகள் திடீரெனத் திணற ஆரம்பித்தன. கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட 'புழு' அது (வைரஸ் அல்ல, தானாகவே பரவும் நிரல்). அது நுழைந்த வாசல்களில் ஒன்று சென்ட்மெயில். பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய அஞ்சல் மென்பொருள்.

வாசல் எப்படித் திறந்திருந்தது என்பதுதான் விஷயமே. சென்ட்மெயிலில் 'டீபக்' என்றொரு கட்டளை, சோதனை செய்பவர்களுக்காக வைத்தது. அதைக் கொடுத்துவிட்டால், பெறுநர் முகவரி எழுதும் இடத்தில் கணினிக்கே உத்தரவு எழுதி அனுப்பலாம்! சோதனை முடிந்ததும் அதை எடுத்திருக்க வேண்டும். ஆனால் சென்ட்மெயிலைச் சரியாக அமைப்பது பெரிய தலைவலி. மறுபடி தேவைப்படுமே என்று பலரும் அப்படியே விட்டுவிட்டார்கள். கட்டடம் முடிந்த பிறகும் சாரத்தைப் பிரிக்காத கதை. வெளியாள் அதில் ஏறி மாடிக்கே வந்துவிட்டான்.

பத்து வருடம் கழித்து, 1998 இறுதியில், ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்த வீட்சே வெனிமா இன்று போஸ்ட்ஃபிக்ஸ் எனப்படும் மென்பொருளை வெளியிட்டார். அதில் சோதனைப் பதிப்பு தனி, நிலையான பதிப்பு தனி. சோதனைப் பதிப்பின் பெயர் தேதியோடு முடியும். அதில் பிழை வந்தால் ஒட்டுப் போடும் வேலையே கிடையாது, அடுத்த தேதியில் அடுத்த பதிப்புதான்.

இன்னொரு வசதியும் உண்டு. 'சாஃப்ட் பவுன்ஸ்' என்று பெயர். இதன் அருமை புரிய அஞ்சல் சர்வர்களின் பேச்சு கொஞ்சம் தெரிய வேண்டும். 1982-இல் வந்த எஸ்எம்டிபி விதிப்படி, கடிதத்தை வாங்கிக்கொண்டு 250 என்று பதில் சொன்னால் 'இனி இது என் பொறுப்பு' என்று அர்த்தம். அனுப்பிய சர்வர் தன் வரிசையில் இருந்து அதை நீக்கிவிடும். 4-இல் தொடங்கும் எண் வந்தால் 'அப்புறம் வா'. 5 என்றால் 'வராதே'. 'அப்புறம் வா' என்றாலோ, ஆளே இல்லையென்றாலோ, அனுப்பும் சர்வர் நான்கைந்து நாட்களாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பது இன்றைய விதியின் பரிந்துரை. ஆக, சர்வர் சில மணி நேரம் செத்துக் கிடந்தால் கடிதம் தொலைவதில்லை. உயிரோடு இருந்து தப்பாகப் பேசினால்தான் ஆபத்து! சாஃப்ட் பவுன்ஸ், 5 என்பதை 4 ஆக மாற்றிச் சொல்லும். சோதனையில் தவறு செய்தாலும் கடிதம் மறுபடி வரும். ஆனால் 250 சொல்லிவிட்டுத் தொலைத்தால் அதுவும் காப்பாற்றாது. ரசீது எழுதிக் கொடுத்த பிறகு சரக்கைத் தொலைத்த கடைக்காரர் நிலைமைதான்.

2013-இல் டாக்கர் வந்தது. சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்துபவர்களுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்தன. டாக்கர்-மெயில்சர்வர் என்ற திட்டத்தில் சோதனைப் பதிப்புக்கு 'எட்ஜ்' என்று பெயர். பிடிக்கவில்லையா, பழைய பெட்டிக்குத் திரும்பிவிடலாம். ஆனால் திரும்புவது நிரல் மட்டும்தான். கடிதங்கள் பெட்டிக்கு வெளியே, தனிக் கோப்புறையில் இருக்கின்றன. புதிய நிரல் அங்கே செய்த மாற்றம் அப்படியே நிற்கும்.

இன்னொரு சிக்கல், வெனிமா பெயரிலேயே வைத்த தேதி இங்கே காணாமல் போய்விட்டது. நேற்றும் எட்ஜ், இன்றும் எட்ஜ், உள்ளே இருப்பது வேறு. எந்த எட்ஜ் நன்றாக ஓடியது என்று யாருக்குத் தெரியும்? அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பெட்டியை நிறுத்துகிறார்கள், கோப்புறையை நகலெடுக்கிறார்கள், ஓடிக்கொண்டிருந்த பதிப்பின் 64 எழுத்து அடையாளத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகே புதியதை இறக்குகிறார்கள். அதுவரை வெளியே கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும்.