துணைக்கு ஒருவர்

மனநல மருத்துவத்தின் வரலாற்றைக் கட்டடங்களின் வரலாறாகவோ சட்டங்களின் வரலாறாகவோதான் எழுதுகிறார்கள். நான் அதில் தேடுவது வேறொருவரை: நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவரை. மனநல வார்டுகளில் சமூகப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நோயாளி வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருப்பார் என்பதை, மருந்துச் சீட்டைவிட, கூட வந்திருப்பவரைப் பார்த்தே எங்களால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

சென்னையில் அந்தத் துணை ஆளுக்கு நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. 1794இல் வாலன்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அறுவை மருத்துவர் மனநோயாளிகளுக்காக ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். அதன் வழிவந்ததுதான் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்துக்கு மாறிய அரசுக் காப்பகம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று ஊர் சொன்ன அந்த இடம் 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை ஆனது. 1978இல் மனநலக் கழகம் ஆனது. பெயர்கள் மாறின. உள்ளே போகும் வழி மட்டும் ரொம்ப காலம் ஒன்றாகவே இருந்தது.

அந்த வழியை வகுத்தது 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும். வீட்டார் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் வேண்டும். பிறகு ஆணை வரும். தெருவில் திரிந்தவரைப் போலீஸே பிடித்துக்கொண்டு வரலாம். வெளியே விடுவதற்கு விசிட்டர்கள் குழு ஒன்று கையெழுத்துப் போட வேண்டும். நோய் ஒரு வழக்கு ஆகிவிட்டது. அந்த வழக்கில் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இருந்த வேலை, மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு ரயிலேறுவது. பழைய கேஸ் ஷீட்டுகளில் வீட்டுக்கு அனுப்பிய கடிதங்கள் ‘விலாசதாரர் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வந்து ஒட்டிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தார் கல்நெஞ்சக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லிப் பழக்கியது அந்த ஏற்பாடு, அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

மாற்றம் வடக்கே தொடங்கியது. பிரிவினைக்குப் பிறகு லாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை 1950இல் எல்லை கடத்தி அமிர்தசரஸுக்குக் கொண்டுவந்தார்கள். மண்டோவின் ‘டோபா டேக் சிங்’ படித்தவர்களுக்கு இந்த இடமாற்றம் கதையாகத் தெரிந்திருக்கும். அதே அமிர்தசரஸ் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் வித்யா சாகர். நோயாளிகள் நிரம்பி வழிந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. அவர் வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளியோடு வீட்டாரும் தங்கலாம் என்றார். ஆள் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த வழிதான் அது. ஆனால் பலன் அதைவிடப் பெரிதாக இருந்தது. கூட இருந்தவர்களுக்கு நோயைப் பற்றிய பயம் விட்டது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

தமிழ்நாட்டில் இதை ஒரு முறையாகவே ஆக்கியது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியபோது, அதற்கு வித்திட்டவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ். அங்கே சேர வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் கூடத் தங்க வேண்டும். மாத்திரையை எப்போது, எப்படிக் கொடுப்பது, எந்தப் பேச்சுக்கு வாதாடாமல் விடுவது, தூக்கம் குறைந்தால் யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் துணை ஆள் அங்கேயே கற்றுக்கொண்டார். குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தன. மருந்து மட்டும் வந்திருந்து, அதைத் தினமும் ஞாபகமாகக் கொடுக்க ஒரு கை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அந்தக் கை என்னவெல்லாம் அறிந்திருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், மகனுக்கு நோய் திரும்புவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஓர் அம்மாவிடம் கேட்டோம். “எப்பவும் கோலத்தச் சுத்திக்கிட்டுத்தான் போவாம்மா. அதுமேலயே மிதிச்சுட்டுப் போனான்னா ஒரு வாரத்துல வந்துரும்” என்றார். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த முறை அந்த அம்மா கோலம் கலைந்த மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருந்தளவைக் கூட்டினார்கள், சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

கீழ்ப்பாக்கத்தின் கதவுகளை உள்ளிருந்து தளர்த்தியவர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961 முதல் 1978 வரை அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு அவர் ஓய்ந்து உட்காரவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் அவர் கவலை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். நோயாளிகளின் குடும்பத்தினரே ஒன்றுகூடி ‘ஆஷா’ என்ற அமைப்பை நடத்தவும் உறுதுணையாக இருந்தார். 2021இல், 98 வயதில் மறைந்தார்.

குடியின் கதை வேறு தடத்தில் வந்து இதே இடத்தில் சேர்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததிலிருந்து 1971இல் அது தளர்த்தப்படும்வரை, குடி இங்கே போலீஸ் விவகாரம். நோய் என்று பார்ப்பவர்கள் மருத்துவர்களிலேயே குறைவு. தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் 1979இல் இளம் வயதிலேயே குடியால் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் ஹேசல்டன் குடிநோய் சிகிச்சை மையத்தில் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு உள்நோயாளிகளுக்கான டி.டி.கே. மருத்துவமனை வந்தது. தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடியில் தொடங்கிய முகாம்கள் சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோயின.

குடிக்கும் கணவனோடு மனைவிக்கும் சிகிச்சை வேண்டும் என்றார் சாந்தி. குடிப்பவர் உள்ளே இருக்கும்போது வீட்டார் தங்களுக்கென்று இரண்டு வார வகுப்புகளில் உட்கார வேண்டும். ‘குடிக்கிறது அவரு, எனக்கு எதுக்கு ட்ரீட்மென்ட்?’ என்றுதான் எல்லாப் பெண்களும் முதலில் கேட்பார்கள். பிறிதொரு மையத்தில் அப்படியொரு வகுப்பில் இருந்தபோது, ஒரு பெண் ரப்பர் பேண்ட் போட்ட தினசரி காலண்டர் தாள்களைக் கட்டாக எடுத்து வைத்தார். குடித்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, அடித்த நாளுக்குப் பெருக்கல் குறி. சம்பள நாளுக்கு அடுத்த தாள்கள் அத்தனையிலும் இரண்டுமே இருந்தன. ஆலோசகர் அந்தத் தாள்களை வைத்தே கணவரோடு பேசத் தொடங்கினார். குடிக்காமலிருக்கும் முதல் மாதச் சம்பளத்தை மனைவி கையில் கொடுப்பது என்று அன்றே முடிவானது.

2003 முதல் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் வழியாக அரசின் கையில்தான். விற்கிற அரசே மறுவாழ்வு மையங்களுக்கும் பணம் ஒதுக்குகிறது. அந்தக் காலண்டர் தாள்களைப் பார்த்த பிறகு இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய காப்பகங்களைப் போலல்லாமல், கோயில்களும் தர்காக்களும் துணை ஆளை ஒருபோதும் வெளியே அனுப்பியதில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலத்தில் வீட்டாரோடு ஒரு மண்டலம், 48 நாள், தங்குவது பழைய வழக்கம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உறவினர்களும் முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னார்கள். இதற்காக மருந்தை விடச் சொல்ல மாட்டேன். ஆதரவான இடமும் கூட இருக்கும் ஆளும் தாமே ஓரளவு மருந்தாகின்றன என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதன் மறுபக்கம் ஏர்வாடி. நம்பிக்கையோடு தர்காவுக்கு வந்தவர்களைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. வீட்டார் பணம் கட்டிவிட்டுத் திரும்பினார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு விடுதியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவது விடுதிக்காரர்கள் மட்டும் செய்ததல்ல. வீட்டில் போட்டுவைத்து அழுத அப்பாக்களையும் நான் அறிவேன். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்த விடுதிகள் மூடப்பட்டன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் எங்கும் சங்கிலி கூடாது என்கிறது. தனக்காகப் பேசும் ஒருவரை நோயாளியே நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது.

ஆனால் துணைக்கு இருப்பவர் பெரும்பாலும் பெண்; அவருக்கும் வயதாகிறது. “எனக்கப்புறம் யாரும்மா?” என்று கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் வீடற்ற பெண்களுக்காகச் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’, 2015இல் இதற்கு ஒரு பதிலை முயன்று பார்த்தது. ஆண்டுக்கணக்காக நிறுவனங்களில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருப்பது. சமையல், கடைக்குப் போவது, சண்டை, சமாதானம் எல்லாம் அவர்களுடையது. உதவிக்கு ஒரு பணியாளர். இரத்த உறவு இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் துணை ஆள் ஆகிறார்கள்.

இதேபோல் முயலும் ஒரு சிறு குழுவுக்காக எங்கள் ஊரில் இப்போது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்வான்ஸ், தண்ணீர் வரும் நேரம், மின்கட்டணம் எல்லாம் பேசியபின் நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், மறைப்பதில்லை. பலர் அப்போதே மறுத்துவிடுகிறார்கள். சம்மதிக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டிலேயே இப்படி ஒருவருக்குச் சோறு போட்டுப் பழகியவர்கள்.