கோதுமையில் மறைந்திருந்த பகை

மனிதன் பயிர்த்தொழில் தொடங்கிய காலம் முதல் அவனை ஊட்டி வளர்த்து வந்த தானியங்களுள் கோதுமை ஒன்று. உலகில் கோடிக்கணக்கான மக்களுக்கு ரொட்டியே அன்றாட உணவு. அந்த ரொட்டியே சில குழந்தைகளை உருக்குலைத்து உயிரையும் மாய்த்து வந்தது என்றால் எளிதில் நம்ப முடிவதில்லை. வைத்திய உலகமும் நெடுங்காலம் அதை அறியவில்லை. நோயைக் கண்டு எழுதிய காலத்துக்கும் அதன் காரணம் புலப்பட்ட காலத்துக்கும் இடையே சுமார் 1,800 ஆண்டுகள் கழிந்தன. சீலியாக் என்னும் அந்நோயின் வரலாறு, ஒரு நோயாளி தேறிவிட்டான் என்பது வேறு, அவன் ஏன் தேறினான் என்று அறிவது வேறு என்பதை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிடேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர், உண்ட உணவு செரிக்காமல் வெளியேறி, உடல் மெலிந்து, வலிமை குன்றும் ஒரு நோயை விவரித்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நோய்க்கும் பெயர் அமைந்தது. பின்னர் அது பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1887ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்னும் மருத்துவர் இந்நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது அடுத்த ஆண்டில் அச்சாயிற்று. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் இது மிகுதி என்றும், குணமாகும் வழி உண்டென்றால் அது உணவின் மூலமே கிட்டும் என்றும் அவர் கூறினார். ஹாலந்து நாட்டுச் சிப்பிகளை நாள்தோறும் உண்டு வியக்கத்தக்க வகையில் தேறிய ஒரு குழந்தையைப் பற்றியும் எழுதினார். சிப்பி கிடைக்கும் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. மறு ஆண்டில் அக்குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது. உணவில்தான் மருந்து இருக்கிறது என்று கண்ட அந்தக் கூரிய அறிவே ஓரிடத்தில் வழுக்கியது. அரிசியையும் ஜவ்வரிசியையும் விலக்கச் சொன்ன ஜீ, மெல்லியதாக அரிந்து இருபுறமும் வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். தீங்கற்றதை விலக்கி, தீங்கானதை ஊட்டியதாக முடிந்தது அது.

1924இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவுமுறையை வெளியிட்டார். குழந்தைகள் தேறினர், வாழைப்பழத்தின் புகழ் பரவியது. உண்மையில் அவர்களைக் காத்தது வாழைப்பழம் அன்று. அதனுடன் ரொட்டி விலக்கப்பட்டதே காரணம். இதை அறியாமையால், குணமாகிவிட்டது என்று எண்ணிய பலர் மீண்டும் ரொட்டிக்குத் திரும்பினர். நோயும் உள்ளே திரும்பியது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரத்தில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் கரேல் டிக்கே. கோதுமையின்மீது அவருக்குப் போருக்கு முன்பே ஐயம் இருந்தது. 1941இலேயே கோதுமையற்ற உணவைப் பற்றி எழுதினார். 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் ஆதிக்கத்தில் இருந்த மேற்கு ஹாலந்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மக்கள் டியூலிப் மலரின் கிழங்குகளைக்கூட உண்டனர். சுமார் 20,000 பேர் மாண்டனர். ஊரெல்லாம் மெலிந்த அந்நாட்களில், ரொட்டி இல்லாமையால் சீலியாக் குழந்தைகள் தேறினர் என்றும், ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது என்றும் கூறுவர். பஞ்சம் அவருடைய ஐயத்துக்கு வலுவூட்டியதே அன்றி, அதைத் தோற்றுவிக்கவில்லை.

டிக்கேயின் பெருமை அந்த ஐயத்தோடு நின்றுவிடாததில் இருக்கிறது. கோதுமையை நீக்கியும் மீண்டும் சேர்த்தும் குழந்தைகளின் எடையையும் வளர்ச்சியையும் பொறுமையுடன் குறித்து வந்தார். 1950இல் அந்த ஆராய்ச்சியை யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். வான் டி காமர், வேயர்ஸ் ஆகியோர் குழந்தைகளின் மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து அவருடைய முடிவுக்குத் துணை நின்றனர். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆராய்ச்சியாளர்கள், தீங்கு கோதுமையின் மாவுச்சத்தில் இல்லை, குளூட்டன் என்னும் புரதத்திலேயே உள்ளது என்று காட்டினர். மாவைப் பிசையும்போது இழுபடும் தன்மையைத் தருவது அந்தப் புரதமே.

நோய் நிகழும் விதமும் பின்னர்த் தெளிவாயிற்று. சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் எண்ணற்றவை உள்ளன. உணவுச்சத்தை உறிஞ்சுபவை அவையே. பரம்பரையாக இந்நோய்க்கு இடம் தரும் உடலில், குளூட்டனைக் கண்டு எழும் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. நீட்சிகள் தேய்ந்து சுவர் மழுங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேர்வதில்லை.

குழந்தைப் பருவத்து நோய் என்று முன்னர் கருதப்பட்ட இது எந்த வயதிலும் தோன்றலாம் என்பதை இன்று அறிவோம். வயிற்றுப்போக்கு இல்லாமலும் வரலாம். மருந்து உண்டும் மாறாத இரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இன்மை, காரணம் தெரியாத சோர்வு, எலும்பு வலுவிழத்தல் ஆகியவையும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். ஆகவேதான் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியாமல் வாழ்கின்றனர்.

1950களில் குடலின் திசுவை வாய்வழியே எடுத்துப் பார்க்கும் கருவிகள் வந்தன. இன்று முதற்படி ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே. 1997இல் இனங்காணப்பட்ட ஒரு நொதிக்கு எதிராக உடலில் எழும் எதிர்ப்பொருளை அது கண்டுபிடிக்கிறது. தேவையானால் குடல் திசுவையும் ஆராய்வர். ஆனால் ஓர் எச்சரிக்கை: பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் அடையாளங்கள் மறைந்து, பரிசோதனை பொய்யான ஆறுதலைத் தந்துவிடும். வாழைப்பழக் காலத்துத் தவற்றை நாமே மீண்டும் செய்வதாக அது முடியும்.

அரிசி உண்ணும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் ஏறத்தாழ 80 பேரில் ஒருவருக்கும், தென்னாட்டில் 1,000 பேரில் ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. குறைவுதான், இல்லாமல் இல்லை. குறைவாக இருப்பதனாலேயே ஐயம் எழாமல் போகவும் கூடும். சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமையின் மக்களே. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. பார்லியிலும் இத்தகைய புரதம் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் அது இல்லை. நோய் உறுதிப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்க வேண்டும். அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் மக்களும் பரிசோதித்துக்கொள்வது நன்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பில் வளராமல் வாடி நிற்கும் ஒரு தோழன் இருக்கலாம். அவன் சரியாக உண்பதில்லை என்று வீட்டார் கடிந்துகொண்டிருக்கலாம். குறை அவன் உண்ணும் அளவில் இல்லாமல், உண்ணும் பொருளிலேயே இருக்கவும் கூடும். மருத்துவரிடம் அழைத்துச் சென்று பரிசோதிக்கச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஹேக் நகரத்தில் ஒருவர் பொறுமையுடன் எழுதி வைத்த எடைக் குறிப்புகளின் பயன் அவனையும் வந்து சேரும்.