இனிப்பின் மேல் தூவிய சாதிக்காய்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில் அமெரிக்க இல்லங்களில் ஒரு பலகாரம் உருவாகும். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றைப் பிசைந்து, சிறிது ரம் சேர்த்து, விண்மீனாகவும் மணியாகவும் வெட்டிச் சுடுவர். ஆறிய பின் வெண்ணிற ஐசிங் பூசி, அது உலருமுன் சாதிக்காயைத் துருவித் தூவுவர். பாலும் முட்டையும் சர்க்கரையும் மதுவும் கலந்த ‘எக்நாக்’ என்னும் விழாக்காலப் பானத்தின் சுவையைத் தாங்கிய குக்கி இது. சாதிக்காய் இல்லையேல் அந்த மணம் இல்லை.

‘குக்கி’ என்னும் சொல்லே டச்சு மொழியில் சிறு அப்பத்தைக் குறிக்கும் ‘கூக்யே’ என்பதிலிருந்து பிறந்தது. இன்றைய நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்கள் அச்சொல்லை அங்கே விட்டுச் சென்றனர். 1796-இல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலில் கிறிஸ்துமஸ் குக்கி இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதில் மணத்துக்குச் சேர்ந்தது நம் வீட்டுக் கொத்துமல்லி விதைத்தூள்! எக்நாக்கின் மூதாதை, சூடான பாலில் மது கலந்து இங்கிலாந்தில் பருகிய ‘பாசெட்’ என்பர். அமெரிக்கக் குடியேற்றங்களில் அதன் இடத்தைப் பிடித்த ரம், கரீபியத் தீவுகளில் அடிமைகள் வளர்த்த கரும்பிலிருந்து வந்தது.

சாதிக்காயின் கதை இதனினும் கொடியது. பல நூற்றாண்டுகளாக அது விளைந்தது இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள பண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் மட்டுமே. அங்கு ஏறத்தாழ 15,000 மக்கள் வாழ்ந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். விரும்பியவர்க்கெல்லாம் அவர்கள் காயை விற்றுவந்தனர். 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோ, தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றது. அதன் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் 1621-இல் பெரும்படையுடன் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வாளாலும் பசியாலும் மாண்டோர் பலர். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் பலர். ஓராயிரம் பேரளவே தம் தீவுகளில் எஞ்சினர். தோட்டங்கள் பங்கிடப்பட்டு, பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் காய் பறிக்கப்பட்டது.

பண்டாவின் ரூன் தீவுக்கு இங்கிலாந்து உரிமை கொண்டாடி வந்தது. 1667-இன் பிரெடா உடன்படிக்கையில் அது அந்த உரிமையைக் கைவிட்டது. டச்சுக்காரர்கள் மன்ஹாட்டன் மீதிருந்த உரிமையைக் கைவிட்டனர். குக்கி என்னும் சொல்லை ஈன்ற ஊரும் சாதிக்காயை ஈன்ற தீவும் ஒரே தாளில் கைமாறின. அந்தத் தாளில் பண்டா மக்களின் கையொப்பம் இல்லை. அவர்களை எவரும் கேட்கவும் இல்லை.

கூன் பிறந்த ஹோர்ன் நகரில் 1893-இல் அவருக்குச் சிலை எழுப்பினர். அவர் செய்த கொடுமையையும் கூறும் புதிய வாசகம் அதன் அடியில் பொறிக்கப்பட்டது 2012-இல்தான். ஆனால் மறவாதோர் முன்பே இருந்தனர். படுகொலைக்குத் தப்பிக் கெய் தீவுகளுக்கு ஓடியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பண்டா மொழியைப் பேசுகின்றனர். பிறந்த மண்ணில் வழக்கொழிந்த அம்மொழி, அகதிகளின் நாவில் நானூறு ஆண்டுகள் உயிர்வாழ்கிறது.

இதையெல்லாம் அறிந்தபின் அந்தப் பலகாரத்தை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதைச் சுடும் தாயும் கைநீட்டும் குழந்தையும் குற்றவாளிகள் அல்லர். ஆயினும் தொலைநாட்டுப் பொருள்கள் மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையிடம் வந்த விதத்தை எண்ணிப் பார்ப்போம். ஞானிகளின் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் மனமுவந்து அளிக்கப்பட்ட காணிக்கைகள். பண்டாவின் காய் வாள்முனையில் பறிக்கப்பட்டது. அந்தத் தொழுவத்தின் குழந்தையும் விரைவில் ஓர் அரசனின் வாளுக்குத் தப்பி அயல்நாட்டில் அடைக்கலம் தேடியது.

நம் வீட்டு விழாப் பலகாரத்திலும் சர்க்கரை உண்டு, ஏலம் உண்டு, பிறர் உழைப்பு உண்டு. அண்டை வீட்டாருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்குமுன், அதை விளைவித்த கைகளுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று ஒரு கணம் கேட்போம். கெய் தீவில் ஒரு மொழியைக் காத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை அது.