கைக்கு வராத கூலியும் கைப்பிடித்த சிக்கனமும்: றொசல்லப் பக்கத்து லயங்களின் வீட்டுக் கணக்கு

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், மலையகப் புகையிரதப் பாதையில் உள்ள சிறிய நிலையம் றொசல்ல. இலங்கையில் மிகக் கூடுதலாக மழை கொட்டும் மேற்குச் சரிவு இது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். வீட்டுச் சிக்கனம் பற்றிய கட்டுரையில் மழைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஈர விறகு எரியாது என்பதுதான் பதில். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையிலிருந்து பெண்கள் சுமந்து வரும் மிலாறு (வெட்டிய கிளை) நேரே அடுப்புக்குள் போவதில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் அடுக்கப்படுகிறது. இன்றைய சோற்றுக்கு எரியும் நெருப்பு நாளைய விறகைக் காய வைக்கிறது. ஒரு மலையில் கவ்வாத்து சில ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் வரும் என்பதால், கிடைக்கிற காலத்தில் சேர்த்து வைக்காத வீடு மழை மாதங்களில் புகையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இப்படிப் பழகிய மக்களைத்தான் தோட்டத் துரைமார் நாளைக்கு என்று எதையும் வைக்கத் தெரியாதவர்கள் என்றார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓயாமல் ஒலித்த குற்றச்சாட்டு அது. கோப்பிக் காலத்தை எடுத்துப் பார்த்தாலே அது நிற்காது. அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் பருவகாலக் கூலிகள். பழம் பறித்து முடிந்ததும் சேர்த்த காசை மடியில் கட்டிக்கொண்டு தமிழகத்துக் கிராமங்களுக்குத் திரும்பியவர்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியபோது லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. சேமிப்பை ஊருக்குக் கொண்டுபோன மனிதர் தோட்டத்திலேயே கடனோடு வாழும் மனிதராக மாறியது இந்த இடைவெளியில்தான்.

கடனுக்கு ஒரு காகிதமும் இருந்தது. துண்டு என்று பெயர். ஆள் இன்ன தொகை கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கட்டும் தொகை மறுபடியும் அதே ஆளின் தலையில் ஏறும். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கூலியில் கழிந்தன. ஆட்களை வேலைக்கு இறக்கியதற்காகக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கூலி பிந்தி வந்தது. வந்ததும் கழிவு போக மீதிதான். செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவேட்டில் கடன் பதிவானது, கழிவு பதிவானது. வீட்டில் என்ன மிச்சமானது என்று பதிய அங்கே பத்தி இல்லை. ஊதாரித்தனம் என்ற முடிவுக்குத் துரைமார் வந்தது இந்தப் புத்தகங்களை வைத்துத்தான் என்பது என் கணிப்பு.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று வகுத்தார்கள். அரிசியும் தோட்டமே குறித்த விலைக்குக் கொடுத்தது. ஆணும் பெண்ணும் சமக் கூலி பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கும் வழக்கம். தோட்டப் பெண்களைப் பற்றி ரேச்சல் குரியன் எழுதி, 1982இல் சர்வதேசத் தொழில் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, கூலி உழைப்பும் வீட்டு வேலையும் ஒருசேர அவர்கள் மேல் விழுவதை விரிவாகக் காட்டியது. மலையில் பேர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, விழுந்தது அவளுக்கு, காசு விழுந்தது வேறு கையில். ஆகவே அவள் மிச்சம் பிடிக்க முடிந்ததெல்லாம் காசாக இல்லாத பொருள்களில்: உலையில் போடுமுன் எடுத்து வைக்கும் ஒரு பிடி அரிசி, லயத்தோரத்துக் கீரை, பரணில் விறகு, பால்மாடு, கடைசியில் காதுக்கு ஒரு தோடு. தோடு அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ஹட்டன் கடைவீதி அடகுக்கடைகளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காசுச் சேமிப்புக்கு வழி இல்லாமலில்லை. தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி 1885இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கந்தோர் திறந்திருக்கும் நேரமெல்லாம் கொழுந்து பறிக்கும் நேரம்; ஐம்பது சதம் போட ஒரு பேரை இழக்க யார் துணிவார்? அந்த இடத்தை நிரப்பியது சீட்டு. பத்துப் பேர் சம்பளத்தன்று ஆளுக்கு 2,000 ரூபா போட்டால், மாதம் ஒருவர் 20,000 தூக்கலாம். காகிதம் வேண்டாம், பிணை வேண்டாம். லயத்தின் அடுத்த காம்பராவில் இருப்பவர் ஓடிவிட முடியாது என்பதே பிணை. இலங்கையில் சீட்டு எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அரசே 1935இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது போதிய சான்று. சீட்டு காசைச் சேர்ப்பதோடு நிற்காது. வீட்டுக்குள் கேட்டு நிற்கும் கைகளிடமிருந்து ஒளித்தும் வைக்கிறது. சாராயக் கடைக்குப் போகவிருந்த காசைச் 'சீட்டுக் கட்டணும்' என்ற ஒரு சொல்லால் தடுத்துவிடலாம்.

சட்டப்படியான பெரிய சேமிப்பு 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தோடு வந்தது. ஆறே ஆண்டில், 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. சேமலாப நிதி உட்படச் சொத்தைக் கொண்டுபோகலாம், ஆனால் அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பை ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்று ஒப்பந்தம் சொன்னது. தலைமுறைகளின் உழைப்பை ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசுகள் எண்ணிப் பார்த்த தருணம் அது. மாட்டையும் பரண் விறகையும் கப்பலில் ஏற்ற வழியில்லை.

1973, 74 பஞ்சத்தில் கூப்பன் அரிசியும் மாவும் வெட்டுப்பட்டபோது சிக்கனத்தால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதும் தெரிந்தது. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக ஏறியது. சீனியைச் சாயத்தண்ணியில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பது சீனியை மிச்சம் பிடிக்கும், வயிற்றை நிரப்பாது.

இனி வீட்டுக் குப்பைக்கு வருவோம். பழைய லயத்தில் எறிய அதிகம் இருக்கவில்லை. மாச்சாக்கு துவைபட்டுத் தலையணை உறையாகும், சணற்சாக்கு கொழுந்துக்காரியின் இடுப்பில் படங்காகும், சாம்பல் பாத்திரம் துலக்கும், சாணம் கீரைப் பாத்திக்குப் போகும். கூலியில் கழித்துக் கொடுத்த கம்பளியின் இடத்தைப் பின்னாளில் உரப்பை பிடித்தது. பையின் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு மூலையை மற்றதற்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் முதுகு நனையாது. குப்பை என்ற பிரச்சினை சிறு பக்கற்றுகளோடுதான் வந்தது. ஒரு போத்தல் ஷாம்புக்கோ பெரிய பக்கற் பால்மாவுக்கோ ஒரே நாளில் காசு புரட்ட முடியாத வீடு துண்டு துண்டாக வாங்குகிறது. அளவுக்குப் பார்த்தால் விலை கூட, மிஞ்சுவது பொலித்தீன். 2017 செப்டெம்பர் 1 முதல் அரசு பொலித்தீன் பைகளுக்கும் லஞ்ச் ஷீற்றுக்கும் கட்டுப்பாடு விதித்தது. சிறு பக்கற்றுகள் கடைவாசலில் தொங்கியபடிதான் இருந்தன.

2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியிருந்தது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நகரத்தார் விறகடுப்பைத் தேடியபோது, றொசல்லப் பக்கத்து வீடுகளில் பரண் ஏற்கெனவே இருந்தது. 2021இல் 1,000 ரூபாவாக இருந்த நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. மூன்றாண்டில் கூடியது 350 ரூபா. மண்ணெண்ணெய் 340க்கு விற்ற நாளின் கணக்கில் அது ஒரு லீற்றரும் பத்து ரூபாச் சில்லறையும்.