புத்தியும் பாடையும் மலாய்க்குப் போன கதை

மலேசியாவுக்குப் புறப்படும் பயணிக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான்: வீட்டுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுங்கள், கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் இருக்கட்டும், பள்ளிவாசலுக்குப் போனால் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், பெண்கள் தாமாகக் கை நீட்டாதவரை கைகுலுக்க முந்தாதீர்கள். இவ்வளவையும், இதற்கு மேலும் பலவற்றையும், மலாய்க்காரர் ஒரே பெயரில் அடக்கிவிடுகின்றனர். 'புடி பஹாசா' என்பது அப்பெயர். சொற்களை உதறிப் பார்க்கும் பழக்கமுள்ள நமக்கு இதைவிட இனிய வேலை வேறு உண்டா?

முற்பகுதியைக் காதில் போட்டுப் பாருங்கள். வடமொழிப் 'புத்தி' அது. இரட்டைத் தகரம் ஒற்றையாய்த் தேய்ந்து, மலாய் நாவின் நுனி சற்று மேலேறியதால் நம் காதுக்கு டகரமாய்க் கேட்கிறது. ஒலி மாறியது சிறிது, பொருள் மாறியதோ பெரிது. நம்மிடம் புத்தி அறியும் ஆற்றலாகவே தங்கிவிட்டது. மிஞ்சிப்போனால் 'புத்தி சொன்னார்', 'புத்திமதி' என்று அறிவுரையாகும். மலாயில் அச்சொல் தலையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கி, நற்குணம், கனிவு, பிறர் செய்த உதவி என்று விரிந்துகொண்டே போனது. 'ஹூத்தாங் புடி' என்றால் நன்றிக்கடன். 'பாலாஸ் புடி' என்றால் கைம்மாறு. அதனால் பழம்பொருள் அழிந்துபோனது என்று எண்ண வேண்டாம். அரபிலிருந்து வந்த 'ஆக்கால்' (அறிவு) என்ற சொல்லோடு கைகோத்து 'ஆக்கால் புடி' என்று வரும்போது அது அறிவாகவே நிற்கிறது. நம் புத்திமான் அங்கே 'புடிமான்'. மலாய் எழுத்தாளர் தம் வாசகரை விளிக்கும்போது 'பெம்பாச்சா யாங் புடிமான்' என்று அழைப்பது வழக்கம்.

பிற்பகுதி இன்னும் சுவையானது. வடமொழி 'பாஷா'வின் முதலெழுத்து மூச்சொலியோடு வருவது. அந்த ஒலி தமிழுக்கும் இல்லை, மலாய்க்கும் இல்லை. இல்லாத ஒலியை எதிர்கொண்ட இரு மொழிகளும் இரு வழியில் போயின. தமிழ் மூச்சைக் களைந்துவிட்டு எஞ்சிய மெய்யைத் தன் பகரமாக்கிக்கொண்டது. மலாய் அந்த மூச்சைக் களையாமல், அதற்கொரு உயிரெழுத்தைக் கொடுத்துத் தனி அசையாகவே உட்காரவைத்தது. பயம் அங்கே 'பஹாயா' ஆகி, மின்கம்பத்துப் பலகைகளில் 'இடர்' என்று எச்சரிக்கிறது. பாக்கியம் 'பஹாகியா' ஆகி மகிழ்ச்சியைக் குறிக்கிறது. பாஷா, 'பஹாசா' ஆயிற்று. நாம் அதைப் 'பாடை' என்று முறைப்படி தமிழாக்கி வைத்திருந்தோம்; இன்று பாடை என்றாலே வேறொன்று நினைவுக்கு வருவதால், அந்த வடிவம் வழக்கொழிந்ததற்கு வருந்த முடியவில்லை.

பஹாசா என்றால் மொழி என்பது பலரும் அறிந்தது. மலாய் அகராதிகள் அதற்கு இன்னொரு பொருளும் தருகின்றன: நல்லொழுக்கம், இங்கிதம். 'தாக் தாஹு பஹாசா' என்று ஒருவரைச் சொன்னால், அவருக்கு மலாய் தெரியாது என்று பொருளன்று. மரியாதை தெரியாதவர் என்று பொருள். இலக்கணம் பிழையின்றிப் பேசும் ஒருவரையும் அப்படிச் சொல்லலாம். நம்மூரில் 'அவனுக்குப் பேசத் தெரியாது' என்று முகம் சுளிக்கிறோமே, அதே சுளிப்புத்தான். ஆகவே புடி பஹாசா என்பது உள்ளத்தின் கனிவும், அது வெளியே தெரியும் முறையும் இணைந்த இரட்டைச் சொல்.

அந்த முறை முதலில் தெரிவது விளியில். 'காமு', 'எங்காவ்' என்ற முன்னிலைப் பெயர்களை வயதில் மூத்தவரிடமோ முன்பின் அறியாதவரிடமோ சொல்வது முரட்டுத்தனம். முதியவர் 'பாக் சிக்', முதியவள் 'மாக் சிக்', சற்று மூத்தவர் 'அபாங்', 'காக்காக்'. அலுவலகத்தில் 'என்சிக்', 'புவான்'. பேருந்து நடத்துநரை அண்ணனாக்கியும், பூக்காரியை அக்காளாக்கியும் பேசும் நமக்கு இது புதிதன்று. ஆனால் 'காக்காக்' என்பதைக் கேட்டவுடன் 'நம் அக்கா!' என்று துள்ள வேண்டாம். அது மலாயின் சொந்தக் குடும்பமாகிய ஆஸ்திரனேசிய மொழிகளின் தொல்சொல். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டுவது ஆராய்ச்சி ஆகாது. நம்மிடமிருந்து சென்றவை வேறு இருக்கின்றன: கடை 'கெடாய்' ஆனது, பெட்டி 'பெத்தி' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது. மாப்பிள்ளை 'மெம்பெலாய்' ஆகி, மணமகளையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கிவிட்டார். லெப்பை 'லெபாய்' என்று பள்ளிவாசல் பணியாளராய் நிற்கிறார். தமிழ் முசுலிம்கள் அக்கரையில் காலூன்றியதற்கு, பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் போலவே இந்தச் சொல்லும் சான்று.

வடசொற்கள் மலாயில் ஏறிய காலம் மிகப் பழையது. சுமத்திராவின் பாலெம்பாங்கில் கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, சக ஆண்டு 604இல், வடசொற்கள் விரவிய பழைய மலாயில், பல்லவ எழுத்தில் வெட்டப்பட்டது. இசுலாம் வந்தபோது அச்சொற்களை மலாய் கைவிடவில்லை. திரங்கானுவில் கண்டெடுத்த, பொதுவாக 1303ஆம் ஆண்டினது எனக் கருதப்படும் கல்வெட்டு, அரபு எழுத்தில் இசுலாமியச் சட்டம் பேசுவது. அதில் இறைவன் 'டேவாத்தா மூலியா ராயா' என்றே குறிக்கப்படுகிறான். இன்றும் துறக்கம் 'சியூர்கா', நரகம் 'நெராகா', அறச்செயலின் பயன் 'பஹாலா', நம் பலன்தான்.

இவற்றுள் பயணிக்கு மிகவும் வேண்டிய சொல் 'புவாசா'. உபவாசத்தின் முதல் உகரம் உதிர்ந்த வடிவம் அது. ரமலான் நோன்பைக் குறிக்கும். தமிழ் முசுலிம்கள் இவ்விடத்தில் தூய தமிழையே தேர்ந்தார்கள்: பொறுத்தல் என்னும் பொருளுடைய 'நோல்' என்ற வேரிலிருந்து நோன்பு. மாலையில் நோன்பை முடிப்பது மலாயில் 'புக்கா புவாசா'. புக்கா என்றால் திற. நம்மவரும் நோன்பு திறத்தல் என்றே சொல்வர். முடித்தல் என்றோ விடுதல் என்றோ சொல்லாமல் இரு மொழிகளும் திறப்பைப் பற்றிக்கொண்டது எத்துணை அழகு! அம்மாதத்தில் பகலில் பலர் காண உண்பதையும் குடிப்பதையும் விருந்தினர் தவிர்ப்பது நல்லது. மாலையில் அதற்கு ஈடாக ரமலான் சந்தைகள் திறந்துவிடும். கோலாலம்பூர் கம்போங் பாரு பள்ளிவாசலில் வழங்கும் 'புபூர் லம்போக்' கஞ்சி பெயர்பெற்றது.

ஒரு வீட்டில் உணவு வைக்கப்பட்டால் மறுப்பதுதான் குறை. பசி இல்லையென்றால் 'ஜாமா' என்பார்கள்: தொடுதல், சிறிது உண்ணுதல் என்ற இரண்டும் அதன் பொருள். கை நனைத்துவிட்டுப் போங்கள் என்னும் நம் ஊர் உபசரிப்புக்கு இதைவிட நெருங்கிய உறவைக் காண்பது அரிது. வழியையோ ஆளையோ காட்ட வேண்டுமென்றால் சுட்டுவிரலை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள்; கட்டைவிரலுக்கு மலாய்ப் பெயர் 'இபு ஜாரி', விரல்களின் தாய்.

இந்த இங்கிதத்துக்கு நாட்டுக் கோட்பாட்டிலும் இடமுண்டு. 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் அக்கோட்பாட்டின் ஐந்தாவது நெறி 'கெசோப்பானான் டான் கெசூசிலாஆன்', அதாவது இங்கிதமும் நல்லொழுக்கமும். அதன் இரண்டாம் சொல்லின் நடுவே, மலாய் முன்னொட்டும் பின்னொட்டும் இருபுறமும் காவல் நிற்க, 'சுசீலம்' அமர்ந்திருக்கிறது.

அங்கே செல்லும் வாசகர் நிறைய மலாய் கற்க வேண்டியதில்லை. வழி கேட்கும்போது 'காமு'வை விடுத்து, 'பாக் சிக்', 'மாக் சிக்' என்று தொடங்குங்கள். உங்களுக்கு பஹாசா தெரியும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.