கொடையாளரைத் தேடல்: யேல் கல்லூரியும் சென்னைச் செல்வமும்

நன்கொடை வழங்கக்கூடியோரை ஆராய்ச்சியின் மூலம் இனங்காணுதல் இன்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனியொரு தொழிற்றுறையாக வளர்ந்துள்ளது. ஒருவரின் பங்குடைமை, நிலபுலம், முன்னைய கொடைகள், குடும்ப நிலை என்பன திரட்டப்பட்டுக் கணினியின் துணையுடன் பகுத்தாராயப்படுகின்றன. அவரால் எவ்வளவு கொடுக்க இயலும், கொடுக்க விரும்புவாரா என்னும் இரு வினாக்களே இம்முயற்சியின் அடிப்படையாகும். கணினி புதிது, வினாக்கள் புதியனவல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கடிதங்கள் வாயிலாக நடைபெற்ற ஒரு தேடல் இதற்குத் தக்க சான்றாகும். தேடப்பட்ட செல்வம் தமிழகக் கரையிலே திரண்டதாதலின் அது நமது தனிக் கவனத்துக்கு உரியது.

1701இல் அமெரிக்காவின் கனெக்ரிகற் குடியேற்றத்தில் ஒரு சிறு கல்லூரி நிறுவப்பட்டது. லண்டனில் குடியேற்ற முகவராயிருந்த ஜெரமையா டம்மர், 1711இல் கல்லூரியின் அறங்காவலர்களுள் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் முன்னாள் ஆளுநர் எலிஹூ யேல் பெருஞ்செல்வர். அவருக்கு ஆண்வாரிசு இல்லை. கனெக்ரிகற்றிலுள்ள உறவினன் ஒருவனை வாரிசாக்க எண்ணுகிறார். ஒக்ஸ்போட் கல்லூரி ஒன்றுக்குக் கொடை வழங்கும் எண்ணமும் அவருக்குண்டு. பிறப்பால் அவர் நியூ இங்கிலாந்தைச் சேர்ந்தவர். இவையே கடிதம் தரும் செய்திகள். கொடுக்கும் வலிமை, விருப்பம், பிறந்த மண்ணின் பிணைப்பு, வாரிசின்மை ஆகிய அனைத்தும் ஒரே கடிதத்தில் அடங்கிவிடுகின்றன. இன்றைய ஆய்வுக் கோப்பு ஒன்று இதனினும் மிகுதியாக என்ன கூறிவிடும்?

எனினும் அக்கடிதம் கூறாதுவிட்டது மிகுதி. 1649இல் பொஸ்ரனில் பிறந்த யேல், 1672இல் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்தராகச் சென்னை சேர்ந்தவர். 1687 முதல் 1692 வரை ஆளுநர். சொற்ப வேதனம் பெற்ற கம்பனி உத்தியோகத்தர் பலரையும் போலவே அவரும் சொந்த வணிகத்தால், சிறப்பாக வைர வணிகத்தால், செல்வம் ஈட்டினார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையைக் கம்பனி 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கியது அவரது ஆட்சியிலேயாகும். பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுக்களின் நடுவே அவர் நீக்கப்பட்டார். 1680களில் சென்னைத் துறையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வணிகத்தில் யேல் தனிப்பட இலாபம் அடைந்தாரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது குறித்த சபை ஆணைகளில் அவர் பங்குகொண்டார் என்பதில் ஐயமில்லை. டம்மர் ஒரு வாய்ப்பாகக் குறித்துக்கொண்ட வாரிசின்மையும் சென்னையில் நேர்ந்ததே. மகன் தாவீது சிறு குழந்தையாக 1688இல் அங்கு இறந்தான். பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்திலே அவன் அடக்கம் செய்யப்பட்டான்.

தேடல் பலிக்க ஏழு ஆண்டுகள் சென்றன. 1718 ஜனவரியில் பொஸ்ரன் மதகுரு கொற்றன் மேதர், கல்லூரிக்கு யேலின் பெயரைச் சூட்டலாம் என்றும், மக்கட்பேற்றினும் அப்பெயர் நிலைத்து நிற்கும் என்றும் யேலுக்கு எழுதினார். மகனை இழந்தவரிடம் இதனைக் கூறியமை தற்செயலெனக் கொள்வது கடினம். அவ்வாண்டிலேயே ஒன்பது பொதிச் சரக்குகளும், 417 நூல்களும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் உருவப்படமும் வந்து சேர்ந்தன. மஸ்லின், கலிக்கோ முதலிய துணிகள் அடங்கிய சரக்குகள் ஏறத்தாழ 560 பவுணுக்கு விற்கப்பட்டன. செப்ரெம்பரில் பெயர் சூட்டப்பட்டது. பெருஞ்செல்வரின் கொடை என்ற அளவில் இது சிறிதே. 1721இல் யேல் இறந்தபின், அறங்காவலர் எதிர்பார்த்த மேலதிகக் கொடை கிட்டவில்லை.

செல்வம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்னும் மூன்றாவது வினா இம்முயற்சியில் எழவேயில்லை. இத்துறை இன்று எதிர்கொள்ளும் கண்டனங்களிலும் அவ்வினா முன்னிற்பதில்லை. 2016இல் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் இரு பெரும் அறநிறுவனங்களுக்கு 25,000 பவுணும் 18,000 பவுணும் தண்டம் விதித்தார். கொடையாளர் அறியாமல் அவர்களது செல்வநிலையைக் கணித்தமை அதற்கான காரணங்களுள் ஒன்று. ஆங்குப் பாதுகாக்கப்பட்டது கொடையாளரின் அந்தரங்கமே. யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த வரலாற்றுத் தொடர்புகளுக்காக 2024 பெப்ரவரியில் மன்னிப்புக் கோரிற்று. ஆளுநர் யேலின் ஆணைகளைத் தாங்கிய புனித ஜோர்ஜ் கோட்டைப் பதிவேடுகளோ, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சென்னை அரச அச்சகத்தினால் நூல்களாக வெளியிடப்பட்டிருந்தன.